கால்வாயில் இறங்காத சேர்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை கதிர்காமநாதன் வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய சிவானி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புருஷனை முறைத்தபடி நின்றாள். புருஷன் பட்டு வேட்டியை அயர்ன் பண்ணிக்கொண்டே, மேசையில் விரித்து வைத்த புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"'அறிவுக் கடலே! ஆசான்களின் ஆசானே! வெள்ளவத்தைக் கால்வாய்ச் சேற்றில் என் கைபிடித்து இறங்கி, நீர்மாதிரி எடுக்கக் கற்றுத் தந்த கருணைக் குன்றே!' எப்பிடி இருக்கு?"

"குமட்டுது" என்றாள் சிவானி.

"உனக்குத் தமிழ்ச் சுவை தெரியாது."

"இஞ்சருங்கோ, நான் லாப்பிலை நாள் முழுக்க ஆக்களின்ர மலமும் சலமும் சோதிக்கிறன். ஒரு நாளும் அருவருத்ததில்லை. உதைக் கேட்க வயித்தைப் பிரட்டுது."

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை முடித்த இவர்களின் மகள் சாம்பவி, கனடாவில் ஒரு வதிவிடக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கிடைத்தால் இரண்டு வருடப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் செலவு. கிடைக்காவிட்டால் இந்த வீட்டில் அதைப் பற்றி நினைக்கவும் வசதி இல்லை. எல்லாம் அனுப்பியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்றுதான், ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். அதற்கும் நாளை பின்னேரத்தோடு கதவு மூடுகிறது.

'உங்களை நன்றாக அறிந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் பெயரைத் தருக' என்றுதான் விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். சாம்பவி யோசிக்காமல் ஜவாஹிறா ரீச்சரின் பெயரைப் போட்டாள். அதை அழிக்க வைத்தவர் கதிர்காமநாதன். "அவ சின்ன ரீச்சர் பிள்ளை. வெள்ளைக்காரன் பதவியைத்தான் பாப்பான். கீழே 'விஞ்ஞானப் பகுதித் தலைவர்' எண்டு கிடக்கவேணும்" என்றார். எங்கள் ஆட்களுக்கு ஒரு கடிதத்தில் முதலில் கண்ணில் படுவது எப்போதும் அடியில் இருக்கும் பதவிதான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் பிறகு.

அந்தப் பகுதித் தலைவர்தான் சிவக்கொழுந்து சேர். சாம்பவிக்கு அவர் ஒரேயொரு தவணை படிப்பித்தார். வகுப்புக்கு வந்த நாட்களிலும் தன்னுடைய ரியூசனுக்கு யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்ததுதான் படிப்பு. போன வாரம் தகப்பனும் மகளும் கடிதம் கேட்டு அவர் வீட்டுக்குப் போனபோது, மனுஷன் கதிரையில் சாய்ந்து, காலைத் தூக்கி ஸ்டூலில் போட்டு, நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. வெட்டிய நகம் ஒன்று தெறித்துச் சாம்பவியின் பாவாடையில் ஒட்டியது.

"கடிதம்தானே, தரலாம். எனக்குச் சேவைநயப்பு விழா எடுக்கினம், அதின்ர மலருக்குப் பிள்ளை ஒரு கட்டுரை தரட்டும். அந்தக் கால்வாய்ப் பரிசு இருக்கெல்லோ? அது என்ர வழிகாட்டல் எண்டு எழுது. பிறகு பாப்பம்."

கால்வாய்ப் பரிசு என்பது சாம்பவிக்கு அகில இலங்கை விஞ்ஞானப் போட்டியில் கிடைத்த இரண்டாமிடம். வெள்ளவத்தைக் கால்வாய்த் தண்ணீரை மாதக்கணக்காகச் சோதித்துச் செய்த வேலை அது. சனிக்கிழமைகளில் அவளோடு அந்த நாற்றத்துக்குள் நின்றவர் ஜவாஹிறா ரீச்சர். மாளிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்து, அபாயாவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்குவார். சிவக்கொழுந்து சேரை ஒரு தடவை கூப்பிட்டபோது, "அந்த நாத்தத்துக்கை ஆர் வாறது" என்று மூக்கைப் பொத்திக் காட்டினார்.

சாம்பவி எழுத மாட்டேன் என்றாள். கதிர்காமநாதன் எழுதினார்.

அவருக்கு அது பெரிய வேலை இல்லை. காப்புறுதிக் கம்பனியில் சம்பளம் வாங்குகிறாரே தவிர, அவருடைய உண்மையான உத்தியோகம் புகழ்வது. மணிவிழா மலரா, நினைவு மலரா, கும்பாபிஷேக மலரா, கொழும்பில் எது அச்சானாலும் உள்ளே எங்கேயாவது கதிர்காமநாதன் இருப்பார். யாரென்றே தெரியாத செத்தவர்களுக்காகவும் அழுது எழுதியிருக்கிறார். இந்த முறை மகளின் பெயரில் எழுதி, மகளின் படத்தையும் வைத்து, மகளுக்குச் சொல்லாமல் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். நேற்றுத்தான் மலர் வீட்டுக்கு வந்தது. மேசையில் விரிந்து கிடந்தது அதுதான்.

அறைக் கதவைத் திறந்துகொண்டு சாம்பவி வெளியே வந்தாள். இரவு முழுக்க அழுத முகம்.

"அப்பா, அது பொய்."

"பொய் இல்லை பிள்ளை, மரியாதை. மலரிலை எழுதுறதை ஆர் உண்மையெண்டு வாசிக்கிறது?"

"ஜவாஹிறா ரீச்சர் வாசிப்பா."

கதிர்காமநாதன் வேட்டியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தார்.

"இண்டைக்கு விழா மேடையிலை நீ இதை வாசிக்கவேணுமாம். விழாக்குழுவிலை இருக்கிற சுகிர்தன் போன் எடுத்தவன். சேருக்கு அதுதான் விருப்பமாம். வாசிச்சால் கடிதம், இல்லாட்டி இல்லை. இனி உன்ர இஷ்டம்."

சாம்பவி தாயைப் பார்த்தாள். அம்மா இப்போது வெடிப்பாள், புத்தகத்தைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தாள். சிவானியும் எறியத்தான் நினைத்தாள். ஆனால் நாளை பின்னேரம் மூடப்போகும் அந்தக் கதவும் அவளுக்கு முன்னால் நின்றது. இந்த ஒடுங்கிய தொடர்மாடி வீட்டில் படித்துப் படித்துக் கண்ணாடி போட்ட பிள்ளை அல்லவா.

"வாசிச்சிட்டு வா சாம்பு" என்றாள் கடைசியில். "வந்து வாயைக் கொப்பளி. கையைக் கழுவு. போயிடும்."

சொன்ன வாய் அவளுக்கே கசந்தது. அடுப்பில் பால் கருகும் மணம் வந்த பிறகுதான் குசினிக்கு ஓடினாள்.

*

மண்டபத்தில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. மல்லிகை, வியர்வை, சாம்பிராணி, கீழே அவியும் சாம்பார் எல்லாம் சேர்ந்து ஒரு மணம். மேடையில் சிங்காசனம் மாதிரி ஒரு கதிரை, அதில் சிவக்கொழுந்து சேர். மாலை தாடையை முட்டியது. பேச வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தியாகி என்றார்கள். வகுப்பில் படிப்பிக்காமல் வீட்டில் காசுக்குப் படிப்பித்த மனுஷனை, காசு கொடுத்துப் படித்த பிள்ளைகளின் பெற்றோரே தியாகி என்றார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு பொன்னாடை தொடங்கியது.

"பொன்னாடையை விழாக்குழு தரும், ஒருத்தரும் கொண்டுவரத் தேவையில்லை" என்று சேரின் பழைய மாணவனும் விழாவின் செயலாளருமான சுகிர்தன் முன்பே அறிவித்திருந்தான். எப்படித் தருகிறான் என்பது மேடைப் படியில் வரிசையில் நின்றபோதுதான் சிவானிக்குப் புரிந்தது. முன்னால் ஒருவர் போர்த்துவார், படம் எடுப்பார்கள், அவர் இறங்குவார். சேர் அந்தச் சால்வையால் கழுத்தை ஒருதரம் துடைத்துவிட்டுப் பின்னுக்குக் கொடுப்பார். திரைக்குப் பின்னால் ஒரு கை வாங்கும். சுகிர்தன் அதை மடித்து, சுற்றி வந்து, வரிசையில் நிற்கும் அடுத்தவர் கையில் வைப்பான்.

கதிர்காமநாதனின் கைக்கு வந்த சால்வையில், கொஞ்சம் முன்னர் வேறொரு குடும்பம் போர்த்தியபோது சிவானி கண்ட அதே சந்தனக் கறை இருந்தது. ஓரம் ஈரம்.

"பிடி, ஒரு பக்கம் நீ பிடி" என்றார் கதிர்காமநாதன்.

"நான் பிடிக்கமாட்டன்."

"சிவானி, ஆக்கள் பாக்கினம்."

சிவானி இரண்டு விரலால் நுனியைப் பிடித்தாள். லாப்பில் கையுறை போடாமல் அவள் எதையும் இப்படித் தொட்டதில்லை. கதிர்காமநாதனோ, சொந்தக் காசில் வாங்கிய காஞ்சிபுரம் போல அதைத் தட்டி விரித்து, குனிந்து, சேரின் தோளில் போட்டார். படக்காரர், படம் சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு தரமும் போட்டார்.

அவர்களுக்குப் பின்னால் நின்ற சாம்பவி, சேரின் கதிரைப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"சேர், அந்தக் கடிதம்... நாளைக்குக் கடைசி நாள்."

"முதல்லை வாசி. பிறகு பாப்பம்" என்றார் சேர். அவர் கையில் போன் இருந்தது. ஏதோ மெசேஜ் பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

சுகிர்தன் ஒலிவாங்கியில் பெயரைச் சொன்னான். "இப்போது சேரின் அன்பு மாணவி, அகில இலங்கை வெற்றியாளர்..."

சாம்பவி மலரை விரித்தாள். அவளுடைய படம் அவளைப் பார்த்துச் சிரித்தது. முதல் வரியை வாசித்தாள். குரல் வந்தது. அப்பாவின் சொற்கள் வழுவழுவென்று வந்தன. கடலே என்றாள், குன்றே என்றாள். நிமிர்ந்தபோது, பின்பக்கம் தூணோரக் கதிரையில் ஜவாஹிறா ரீச்சர் இருப்பது தெரிந்தது. மடியில் அதே மலர், அதே பக்கம்.

அழைத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் எல்லாரையும் அழைத்திருப்பார்கள் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை?

நிறுத்தலாம் என்று நினைத்தாள். முன்வரிசையில் அப்பா வாயசைத்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தார். நாளை பின்னேரம், நாளை பின்னேரம் என்று மனம் அடித்தது. "வெள்ளவத்தைக் கால்வாய்ச் சேற்றில் என் கைபிடித்து இறங்கி" என்று வாசித்தாள்.

சேர் கண்ணை மூடித் தலையாட்டினார். சும்மா ஆட்டவில்லை. அந்தச் சேறும் குளிரும் உண்மையாகவே ஞாபகம் வந்ததுபோல, ஒரு பெருமூச்சும் விட்டு ஆட்டினார். பொய் சொல்வதைக்கூடப் பொறுத்திருப்பாள். அவர் அதை நம்பியதைப் பார்த்தபோதுதான் சாம்பவிக்கு அருவருத்தது.

கடைசி வரி வரை வாசித்தாள். மண்டபம் கைதட்டியது. ஜவாஹிறா ரீச்சரும் தட்டினார்.

*

கீழே சாப்பாட்டு மண்டபத்தில் சேருக்கு மட்டும் தனி மேசை. சாம்பவி நேரே அங்கே போனாள். வாயைக் கொப்பளிக்கவும் இல்லை, கையைக் கழுவவும் இல்லை.

"சேர், வாசிச்சிட்டன். இப்ப அனுப்பிறியளோ? லிங்க் உங்கட ஈமெயிலிலை இருக்கு."

சேர் பருப்பும் சோறும் குழைத்த கையைத் திருப்பி, புறங்கையால் அவள் தலையைத் தட்டினார். ஒரு பருக்கை தலைமுடியில் ஒட்டியது.

"அது காலமையே போட்டுது பிள்ளை. ஜவாஹிறா அனுப்பியாச்செண்டு மெசேஜ் போட்டவ."

"காலமையோ? மேடையிலை கேட்கேக்கை பிறகு பாப்பம் எண்டியளே சேர்?"

"அப்பதானே நல்லா வாசிப்பாய்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மென்ற வடைத் தூள் மேசையில் சிதறியது. பக்கத்தில் இருந்தவர்களும் சேர் பெரிய பகிடி விட்டதுபோலச் சிரித்தார்கள். பாயசக் கிண்ணத்தோடு அங்கே வந்த கதிர்காமநாதனும், என்ன பகிடி என்று தெரியாமலே சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் சாம்பவியால் பார்க்க முடியவில்லை.

தாயிடம் கொடுத்து வைத்திருந்த போனை வாங்கிப் பார்த்தாள். 'பரிந்துரைக் கடிதம் கிடைத்தது' என்று பச்சை அடையாளம். மேடையேறுவதற்கு ஒரு மணித்தியாலம் முதலே வந்திருந்தது. வாசிக்காமலே கிடைத்திருக்க வேண்டிய கடிதம்.

ஆனால் சேர் சொன்னதில் இன்னொன்று இருந்தது. அனுப்பியது ஜவாஹிறா ரீச்சராம். சாம்பவி வாசலுக்கு ஓடினாள்.

காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் ரீச்சர் தனியாக நின்றார். சாப்பிடவில்லை போலும். மலரைச் சுருட்டிக் கைக்குடையோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"வாங்க மகள். நல்லா வாசிச்சீங்க."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"ரீச்சர், கடிதத்தை நீங்களோ அனுப்பினது?"

"அனுப்பினதும் நான்தான், எழுதினதும் நான்தான். சேர்ட கடிதமெல்லாம் நான்தானே எழுதுற. இங்கிலீஷ்ல ஏதும் வந்தா, 'இதைக் கொஞ்சம் பாருங்க'ண்டு மேசையில வெச்சிட்டுப் போவாரு. பாஸ்வேர்டும் எனக்கிட்டதான் ஈக்கி."

"ஏன் ரீச்சர் எழுதிக் குடுக்கிறியள்?"

"டைம் டேபிள் அவர்ட கையில. ட்ரான்ஸ்பருக்குப் பேர் குடுக்கிறதும் அவர்தான். இரத்மலானைக்கு அப்பால போட்டா நான் எப்பிடிப் போய் வாற? பயந்து பயந்து எழுதினதுதான். அது என்ட பிழை." ரீச்சர் வீதியைப் பார்த்தபடி சொன்னார். "ஒங்கட கடிதத்தை மட்டும் சந்தோஷமா எழுதினேன். நீங்க கால்வாய்ல வழுக்கி விழுந்தும் போத்தலை விடாமப் பிடிச்சிக்கிட்டு ஈந்தீங்களே, அதை எழுதினேன். 'நான் பக்கத்தில நின்டு பாத்தேன்'ண்டு எழுதினேன். கீழ சேர்ட பேர்."

ரீச்சர் செய்ததையெல்லாம் சாம்பவி மேடையேறிச் சேருக்குக் கொடுத்தாள். ரீச்சரோ, தான் கண்டதையெல்லாம் சேரின் பெயரில் அவளுக்காகக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷன் நடுவில் இருந்து சோறு குழைக்கிறார்.

"நான் முதல்லை உங்கட பேரைத்தான் போட்டனான் ரீச்சர். பிறகுதான்..." அப்பா என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கினாள். "உங்கட பேரிலை எழுதித் தருவியளோ? இப்பவும் மாத்தலாம். நாளைப் பின்னேரம் மட்டும் நேரம் இருக்கு."

புறக்கோட்டை பஸ் வந்து நின்றது. ரீச்சர் ஏறவில்லை. நடத்துனர் சிங்களத்தில் ஏதோ புறுபுறுத்துவிட்டு மணியை அடித்தான்.

"எழுதுவேன்" என்றார் ரீச்சர். "ஆனா என்ட பேரைப் போட்டா எனக்குப் பொய் எழுத ஏலா. அந்தக் கடிதம் அனுப்புற போர்ம்ல, 'இந்தப் பிள்ளை நேர்மையானவரா, உதாரணத்தோட செல்லுங்க'ண்டு ஒரு கேள்வி ஈக்கி. நேத்துக் கேட்டிருந்தீங்கண்டா யோசிக்கவே மாட்டேன். இன்டைக்கு நான் தூணுக்குப் பக்கத்தில இருந்து கேட்டதையும் எழுத வேண்டி வரும். நல்லதையும் எழுதுவேன், அதையும் எழுதுவேன்."

சாம்பவி கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"கட்டாயமில்ல மகள். இப்ப போயிருக்கிறதும் நல்ல கடிதம்தான். நானே எழுதினது. அதோட போங்க, ஒருத்தருக்கும் தெரிய வராது. மாத்திறதுண்டா லிங்கை அனுப்புங்க."

அடுத்த பஸ்ஸில் ரீச்சர் ஏறிக்கொண்டார். ஏறும்போது அந்த மலரைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை, கையோடு கொண்டுபோனார்.

*

வீட்டுக்குத் திரும்பும் ஓட்டோவில் கதிர்காமநாதனின் மடியில் ஒரு பொதி இருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் அனுப்ப என்று பத்துப் பன்னிரண்டு மலர்களை வாங்கிக் கட்டியிருந்தார்.

"கடிதம் போட்டுதாமெல்லே? பாத்தியோ, எழுத்தின்ர சக்தியை! நான் அண்டைக்கே சொன்னனான்."

"வாசிக்க முதலே போட்டுதப்பா. வாசிக்காட்டிலும் போயிருக்கும். எழுதினதும் ஜவாஹிறா ரீச்சர்தான்."

சாம்பவி எல்லாவற்றையும் சொன்னாள், ரீச்சரின் நிபந்தனை உட்பட. நடுவில் இருந்த சிவானி அந்தச் சால்வையைப் பிடித்த இரண்டு விரலையும் சேலைத் தலைப்பில் துடைத்தபடியே இருந்தாள். மண்டபத்தில் மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியும் அவளுக்குத் திருப்தி இல்லை.

"உனக்கென்ன விசரோ?" என்றார் கதிர்காமநாதன். "உனக்கெதிரா எழுதுவன் எண்டு முகத்துக்கு நேரை சொல்லுறவவிட்டைப் போய்க் கடிதம் கேட்கிறதோ? பச்சை அடையாளம் விழுந்து கிடக்கு. பேசாமல் இரு."

சாம்பவி போனைத் திறந்தாள். சிவக்கொழுந்து சேரின் பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்று இருந்தது. நீக்கினால் வந்த கடிதமும் அழிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது என்று எச்சரித்தது.

"அம்மா."

சிவானி விரல் துடைப்பதை நிறுத்தினாள்.

"காலமை நான் சொன்னது பிழை சாம்பு" என்றாள். "கழுவினால் போகேல்லை. ஆனால் இது உன்ர படிப்பு. நான் அமத்து எண்டும் சொல்லமாட்டன், அமத்தாதை எண்டும் சொல்லமாட்டன்."

சாம்பவி 'நீக்கு' என்பதை அமத்தினாள்.

பச்சை அடையாளம் போய்விட்டது. அந்த இடத்தில் ஜவாஹிறா ரீச்சரின் பெயரை எழுதி லிங்கை அனுப்பினாள். இப்போது குமட்டல் இல்லை. காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு ஆழமாக வந்தது.

"சேரின்ர பேரை எடுத்திட்டன் அப்பா."

கதிர்காமநாதன் அவளைப் பார்த்தார். பிறகு ஓட்டோக்காரனின் முதுகில் தட்டி, இங்கே நிறுத்தும்படி சிங்களத்தில் சொன்னார். "மல்லி, மெதன நவத்தன்ன." ஓட்டோ நின்றது. பொதியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வீட்டுக்கு இன்னும் இரண்டு பஸ் தரிப்பிடத் தூரம் இருந்தது. பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையில் மலர்ப் பொதியோடு நடைபாதையில் நடக்கத் தொடங்கினார்.

"நடக்கட்டும்" என்றாள் சிவானி. ஓட்டோ நெரிசலில் ஊர்ந்தது. கதிர்காமநாதன் அதற்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பொதியின் கயிறு அவிழ்ந்து ஒரு மலர் சறுக்கி விழுந்தது. குனிந்து எடுத்து, தூசு தட்டி, மேலட்டையை வேட்டியால் துடைத்தார். பிறகு உள்ளே புரட்டி மகளின் படமும் அழுக்காகவில்லையே என்று பார்த்தார்.

சாம்பவிக்கு அந்த மனுஷன்மேல் அப்படியொரு அருவருப்பு. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது.

போன் அதிர்ந்தது. ஜவாஹிறா ரீச்சர்.

'லிங்க் வந்தீக்கி மகள். பின்னேரம் எழுதுறேன். அதுக்கு முந்தி ஒரு விஷயம் தெரியணும். மேடையில வாசிச்சது நீங்க எழுதினதா, வேற யாரும் எழுதித் தந்ததா? உண்மையச் செல்லுங்க. என்ன செல்றீங்களோ அதைத்தான் எழுதுவேன்.'

சிவானியும் எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"என்ன எழுதப் போறாய்?"

சாம்பவி போனிலிருந்து நிமிர்ந்தாள். உண்மையை எழுதினால் அதில் அப்பா வருவார். வெளியே, அவளுடைய பெயர் அச்சான மலர்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா வெயிலில் நடந்துகொண்டிருந்தார்.